தாராவியிலிருந்து ஒரு மேற்படிப்பு: கையெழுத்திடாமல் விட்ட கடன்

மும்பையில் பொதுத்துறை வங்கி ஒன்றின் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் சயானில் நண்பர் ஒருவரின் கடை மாடியில் உட்கார்ந்து, தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர்ப் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் கொண்டுவரும் கல்விக்கடன் தாள்களைப் படித்து விளக்கிச் சொல்லிவருகிறேன். 2025 மார்ச்சில் அப்படி வந்த ஒரு குடும்பம், மகளின் வெளிநாட்டு மேற்படிப்பு குறித்து முடிவெடுத்த விதத்தை இங்கே பதிவு செய்கிறேன். பெண்ணும் பெற்றோரும் படித்துப் பார்த்துச் சம்மதித்த பிறகே இது வெளிவருகிறது. அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், கணக்குகளை மாற்றவில்லை.

வந்தபோது இருந்த நிலை

பெண்ணுக்கு அப்போது 24 வயது. சிவில் பொறியியல் படித்துவிட்டு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை வடிவமைக்கும் நவி மும்பை நிறுவனம் ஒன்றில் இரண்டரை ஆண்டுகளாக வேலை பார்த்துவந்தார். கைக்கு வரும் சம்பளம் மாதம் 38,000 ரூபாய். அப்பா 1988-இல் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர். தோல் பட்டறையில் கூலிக்கு இருந்து தொழில் கற்று, இன்று தொண்ணூறடிச் சாலைக்கு உள்ளே ஒரு சந்தில் சொந்தமாகக் கைப்பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். நல்ல மாதமும் மந்த மாதமும் சேர்த்துச் சராசரி பார்த்தால் செலவு போக 45,000 ரூபாய் மிஞ்சும். அம்மா, பன்னிரண்டாம் வகுப்பில் தம்பி, ஆச்சி என ஐந்து பேருக்குக் கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை.

அவர்கள் கையில் அமெரிக்க மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் சேர்க்கைக் கடிதம் இருந்தது. சுற்றுச்சூழல் பொறியியலில் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு; ஆகஸ்டில் வகுப்பு தொடங்கும். கட்டணமும் தங்கும் செலவும் சேர்த்து ஆண்டுக்கு 34,000 டாலர் ஆகும் என்று கடிதம் சொன்னது. டாலருக்கு 86 ரூபாய் என்று வைத்தால் இரண்டாண்டுக்கு 58.5 லட்சம் ரூபாய். சேமிப்பு 6 லட்சம். மீதிக்கு 52 லட்சம் ரூபாயை அடமானம் இல்லாமல் 12.5 சதவீத வட்டிக்குத் தர ஒரு தனியார் நிதி நிறுவனம் ஒப்புக்கொண்டிருந்தது. அப்பாவும், ரயில்வேயில் வேலை பார்க்கும் சித்தப்பாவும் இணைக் கடனாளர்களாகப் பத்து நாளில் கையெழுத்திட வேண்டும். "வட்டியைக் கொஞ்சம் குறைக்க வழி இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்கத்தான் அப்பா வந்திருந்தார்.

வட்டியைக் குறைப்பதற்கு முதலில் பொதுத்துறை வங்கிக்குப் போக வேண்டும். அங்கே போனால் அடமானம் கேட்பார்கள். தாராவி வீட்டுக்கு இருப்பது போட்டோ பாஸ். அது குடியிருப்பதற்கான சான்றே தவிர, மனை உரிமைப் பத்திரம் அன்று. எந்த வங்கியும் அதன் மேல் கடன் தராது. ஊரில் மூன்று ஏக்கர் புஞ்சை உண்டு என்றார் அப்பா. அது தாத்தா பெயரில் பாகப்பிரிவினை ஆகாமல் கிடக்கிறது. பிரித்துக்கொண்டாலும் பயனில்லை: கடன் தவறினால் நீதிமன்றம் போகாமலே சொத்தைக் கைப்பற்ற வங்கிகளுக்கு அதிகாரம் தரும் 2002-ஆம் ஆண்டுச் சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்பதால், கல்விக்கடனுக்கு வயலைப் பிணையாக ஏற்க வங்கிகள் தயங்கும். எஞ்சியது டோம்பிவிலியில் சித்தப்பா வாங்கிய ஒரு படுக்கையறை வீடு. அவருக்கு ஓய்வுபெற மூன்று ஆண்டுகளே பாக்கி, படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர். அந்த வீட்டுப் பத்திரத்தைக் கேட்டால் அவர் கொடுத்துவிடுவார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அதனாலேயே அதைக் கேட்கக் கூடாது என்று எனக்குப் பட்டது.

எதற்காகப் போக வேண்டும்

கணக்கைப் பேசுவதற்கு முன் அந்தப் பெண்ணிடம் தனியாக ஒரு கேள்வி கேட்டேன். சேர்க்கை விண்ணப்பத்தோடு அனுப்பும் அவருடைய நோக்க அறிக்கையில் "உலகளாவிய அனுபவம்" என்ற சொல் மூன்று இடத்தில் வந்தது. அது, அவர்கள் போன வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிறுவனம் எழுதிக் கொடுத்தது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு, ஏன் போக வேண்டும் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள் என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, 2005 ஜூலை 26 அன்று மித்தி ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்ததைப் பற்றி ஆச்சி சொல்லி வளர்ந்ததைச் சொன்னார். சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய நாள் அது. அவருக்கு அப்போது நான்கு வயது. தண்ணீரை விட, அது வடிந்த பிறகு கிடந்த கழிவைக் கூட்டி அள்ளிய நாட்கள்தாம் ஆச்சிக்கு மறக்கவில்லையாம். பொதுக் கழிப்பறை வரிசையில் நின்று பள்ளிக்குப் போன பெண் இன்று சுத்திகரிப்பு நிலையத்துக்கு வரைபடம் போடுகிறார். ஆனால் எந்தத் தொட்டிக்கு ஏன் அந்த அளவு என்று முடிவு செய்பவர் வேறொருவர். "நான் வரையிறேன் சார். ஏன்னு எனக்குத் தெரியணும்" என்றார். கொஞ்சம் தயங்கி, தனக்கென்று ஒரு மேசையும் சாத்திக்கொள்ள ஒரு கதவும் வாழ்க்கையில் ஒரு முறையாவது வேண்டும் என்றும் சொன்னார்.

இந்த இரண்டாவது காரணத்தைப் பெரியவர்கள் நாம் மதிப்பதில்லை. நானும் அன்று மதிக்கவில்லை. பவாயில் ஐ.ஐ.டி. இருக்கிறது, கேட் தேர்வு எழுதி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் கிடைக்கும், கடனே வேண்டாம் என்று அவசரமாகச் சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடியது. அடுத்த ஞாயிறு வரை அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஐ.ஐ.டி. நல்ல வழிதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் தன் ஆசையைச் சொன்ன மறுகணமே அதற்குச் சிக்கனமான மாற்றைக் காட்டுவது, அந்த ஆசையைக் காது கொடுத்துக் கேட்கவில்லை என்பதற்குச் சமம். ஆகவே இரண்டாவது வாரம் கேள்வியை மாற்றிக்கொண்டோம்: நீர், கழிவுநீர்த் துறையில் ஆழமாகப் படிக்க வெளிநாடு போவது என்று வைத்துக்கொண்டால், எவ்வளவு கடன் வரை இந்தக் குடும்பம் தாங்கும்?

திரும்பி வந்தால் என்ன ஆகும்

கல்விக்கடன் கேட்டு வருபவர்கள் எல்லோரும் வேலை கிடைத்த பிறகான கணக்கைப் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். டாலர் சம்பளத்தில் மூன்றாண்டில் கடனை அடைத்துவிடலாம் என்று அவர்கள் சொல்வது பொய்யில்லை; அப்படி அடைத்த பலருக்கு நானே கணக்கை முடித்துப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் கடன் பிரிவில் இருந்தவனுக்கு மற்றக் கோப்புகளும் நினைவில் இருக்கும். எனவே நான் போடும் கணக்கு வேறு. படித்து முடித்து, அங்கே வேலை கிடைக்காமல், இங்கே வந்து, முன்பு பார்த்த அதே சம்பளத்துக்கு அதே வேலையில் சேர்ந்தால், மாதத் தவணையைக் கட்ட முடியுமா? இதற்கு 'திரும்பி வந்தால்' கணக்கு என்று பெயர் வைத்திருக்கிறேன்.

52 லட்சத்தைப் பாதிப் பாதியாக இரண்டு ஆண்டுகளில் எடுத்தால், படிப்புக் காலமும் அதன்பின் ஆறு மாதமும் சேர்ந்த இரண்டரை ஆண்டில் தனிவட்டியாகவே 13 லட்சம் சேரும். ஆக 65 லட்சம். பத்தாண்டுத் தவணையில் அதற்கு மாதம் ஏறத்தாழ 95,000 ரூபாய் கட்ட வேண்டும். பெண்ணின் இன்றைய சம்பளமும் அப்பாவின் வருமானமும் சேர்ந்தாலே 83,000 ரூபாய்தான். வீட்டில் ஐந்து பேரும் ஒரு வேளை கூடச் சாப்பிடாமல் இருந்தாலும் தவணை கட்ட முடியாது. இந்த ஒரு வரியைத் தாளில் எழுதிக் காட்டியபோது சித்தப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

அங்கே வேலை கிடைக்காமல் போவது அவ்வளவு சாதாரணமா என்று பெண் கேட்டார், நியாயமான கேள்வி. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படித்தவர்களுக்குப் படிப்புக்குப் பின் 12 மாதமும், அறிவியல், பொறியியல் படித்தவர்களுக்குக் கூடுதலாக 24 மாதமும் வேலை செய்ய அனுமதி உண்டு. ஆனால் முதல் 12 மாதத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையின்றி இருந்தால் அந்த அனுமதி போய்விடும். அதன்பின் நிலைக்க வேண்டுமானால் எச்-1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கல். ஆண்டுக்கு 85,000 இடங்கள், அவற்றில் 20,000 அங்கே முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கு. திறமையான பெண்தான், ஆனாலும் அன்றைய குலுக்கல் திறமையைப் பார்க்கவில்லை. அந்த 90 நாள் கணக்கு ஒரு பக்கம் இருக்க, படிப்பு முடிந்த ஆறு மாதத்தில் மாதம் 95,000 ரூபாய்க்கான கடிகாரமும் ஓடத் தொடங்கிவிடும் என்பதுதான் என் கவலை.

பிரிட்டனின் ஓராண்டுப் படிப்பை ஆலோசனை நிறுவனம் இரண்டாவதாகப் பரிந்துரைத்திருந்தது. செலவு குறைவு, ஆனால் 'திரும்பி வந்தால்' கணக்கில் அதுவும் தேறவில்லை. ஜெர்மனியை அவர்கள் சொல்லவே இல்லை. இலவசமாக ஆலோசனை தரும் நிறுவனங்கள் பலவற்றுக்கு வருமானம், மாணவரைச் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகம் தரும் தரகுதான். பெரும்பாலும் கட்டணமே வாங்காத அரசுப் பல்கலைக்கழகத்தில் தரகு எங்கிருந்து வரும்? குடும்பங்கள் இதைத் தெரிந்துகொண்டு அவர்களிடம் போவது நல்லது.

ஜெர்மனிக் கணக்கு

ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்பது பொதுவாக உண்மை, ஆனால் முழு உண்மை அன்று. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் ஆறு மாதப் பருவம் ஒன்றுக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-இல் முதுநிலைப் படிப்புகளுக்குப் பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை கட்டணம் கொண்டுவந்துவிட்டது. பெண் விரும்பிய நீர்வளப் பொறியியல் படிப்பு ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறது. அது அந்த 1,500 யூரோ மாநிலத்தில்தான் வருகிறது. எனவே கட்டணத்தைச் சேர்த்தே கணக்குப் போட்டோம்.

விசாவுக்கு முன் ஓராண்டுச் செலவுக்கான 11,904 யூரோவை முடக்கக் கணக்கு ஒன்றில் போட வேண்டும். அது மாணவரின் சொந்தப் பணம்தான். அங்கே போனபின் மாதம் 992 யூரோவாக அவருக்கே திரும்பி வரும். மருத்துவக் காப்பீடும் அறை வாடகையும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். யூரோவுக்கு 98 ரூபாய் என்று வைத்தால் 11.67 லட்சம். ஆண்டுக் கட்டணம் 3,000 யூரோ, அதாவது 2.94 லட்சம். ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு 18,000 ரூபாய். நம் பட்டத்தைச் சரிபார்த்து ஜெர்மனித் தூதரகத்தின் கல்விப் பிரிவு தரும் இந்தச் சான்று 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்குக் கட்டாயம். விமானம், விசா, போனவுடன் ஆகும் செலவுகள் எல்லாம் சேர்த்து முதலாண்டுக்கு 16.5 லட்சம் ரூபாய் வந்தது.

பெண்ணிடம் ஏ.பி.எஸ். சான்று இல்லை, அதை வாங்கி, விண்ணப்பித்து, அந்த ஆண்டு அக்டோபருக்குள் போவது நடக்காது. 2026 அக்டோபர்தான் முடியும். அந்த ஓராண்டு வேலையில் தொடர்ந்தால் இன்னும் 3 லட்சம் சேர்க்கலாம். சேமிப்பு 9 லட்சம் போக, வேண்டிய கடன் 7.5 லட்சம். பொதுத்துறை வங்கிகள் பின்பற்றும் கல்விக்கடன் திட்டத்தில் இந்தத் தொகை வரை அடமானம் கேட்பதில்லை. 10 சதவீத வட்டியில் மாத வட்டி 6,250 ரூபாய். அப்பா படிப்புக் காலத்திலேயே கட்டிவிடலாம். பத்தாண்டுத் தவணை 9,900 ரூபாய்க்குச் சற்று மேல். திரும்பி வந்து 38,000 ரூபாய் வேலையிலேயே உட்கார்ந்தாலும் பெண் தனியாகக் கட்டக்கூடிய தொகை அது.

இரண்டாம் ஆண்டை நான் மறைக்க விரும்பவில்லை, ஏனென்றால் பலர் அங்கேதான் வழுக்குகிறார்கள். வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போது அடுத்த ஆண்டுக்கான பணத்தை மீண்டும் காட்ட வேண்டும். தேவை 14.6 லட்சம். மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை செய்யலாம். 2025-இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ. தாளில் பெருக்கினால் ஏறக்குறைய முழுச் செலவும் வந்துவிடும். ஆனால் படிப்பு, மொழி, வேலை தேடும் காலம் இவற்றையெல்லாம் நினைத்து மாதம் 500 யூரோ மட்டுமே வரும் என்று எழுதினோம். அது ஆண்டுக்கு 5.9 லட்சம். அம்மா போட்டுவரும் சீட்டு 2027-இல் முதிரும்போது 5 லட்சம். மீதி 3.7 லட்சத்தைச் சித்தப்பா வட்டியில்லாமல் கைமாற்றாகத் தருவதாகச் சொன்னார்; பத்திரம் டோம்பிவிலியிலேயே இருக்கும். படித்து முடித்தபின் வேலை தேட 18 மாதம் அங்கே தங்கலாம் என்பதும் இந்தக் கணக்குக்குச் சாதகமான விஷயம்.

சாதிச் சான்றிதழ்

இது தாராவித் தமிழர்களுக்கே உரிய சிக்கல் என்பதால் தனியாகச் சொல்கிறேன். குடும்பம் பட்டியல் சாதியைச் சேர்ந்தது. மகாராஷ்டிர அரசு, ராஜர்ஷி ஷாஹூ மகாராஜ் பெயரில் பட்டியல் சாதி மாணவர்களுக்கு வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை தருகிறது. பெண் பிறந்தது சயான் மருத்துவமனையில், படித்தது எல்லாம் மும்பையில். ஆனாலும் அந்த உதவிக்கு அவர் தகுதி பெற மாட்டார். குடும்பம் 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே இந்த மாநிலத்தில் இருந்திருந்தால்தான் இங்கே பட்டியல் சாதியாகக் கருதப்படும். அதற்குப் பின் வந்தவர்களுக்குப் பூர்வீக மாநிலத்தின் அடிப்படையில்தான் உரிமை. ஒரு மாநிலத்துப் பட்டியல் வேறொரு மாநிலத்துக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. மூன்று தலைமுறையாக இந்த நகரத்தின் தோலைப் பதனிட்டவர்களின் பிள்ளைகள் இரண்டு மாநிலங்களுக்கும் நடுவில் நிற்பது எனக்கு இன்றும் வேதனை தரும் விஷயம்.

ஆனால் மத்திய அரசின் திட்டங்களுக்கு இந்தத் தடை இல்லை. அப்பாவின் தமிழ்நாட்டுச் சான்றைக் காட்டி, புலம்பெயர்ந்தோருக்கான சான்றிதழை இங்கேயே வாங்கலாம். சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை ஆண்டுக்கு 125 பேருக்குக் கிடைக்கிறது. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் வரும் பல்கலைக்கழகத்தில் இடம். இரண்டாவது இவருக்குப் பொருந்தும்; முதலாவதில், பெண்ணின் சம்பளத்தையும் சேர்த்தால் வரம்பைத் தாண்டிவிடும். ஆனாலும் விண்ணப்பிக்கச் சொன்னேன், அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம் என்றும் சொன்னேன். 2025 ஜூலையில் தேர்வான 106 பேரில் 40 பேருக்கே முதலில் கடிதம் போனது; மற்றவர்களிடம் நிதி வந்தால் தருகிறோம் என்றார்கள்.

அப்பாவின் அச்சம்

எல்லாத் தாள்களும் சரியாக வந்த பிறகும் அப்பா ஒப்பவில்லை. அவருடைய தடை பணமன்று. "இந்த வருசம் விட்டா அப்புறம் நடக்காது அண்ணாச்சி. நம்ம வீட்டுல தள்ளிப்போட்டது எதுவும் நடந்ததில்ல" என்றார். ஊரில் அத்தை இதற்குள் இரண்டு ஜாதகங்களை அனுப்பியிருந்தார். ஓராண்டு கையில் கிடைத்தால் அது கல்யாண ஆண்டாகிவிடும் என்ற பயம் பெண்ணுக்கும் இருந்தது. இந்த அச்சத்துக்கு என் கணக்குத் தாளில் பதில் இல்லை.

பதில் அவர்கள் வீட்டுச் சுவரிலேயே இருந்தது. அண்ணல் அம்பேத்கர் 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில், மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு என்ற கணக்கில் கொலம்பியாவுக்குப் போனவர். அங்கிருந்து லண்டன் போய்ப் படிப்பைத் தொடங்கிய நிலையில் உதவித்தொகைக் காலம் முடிந்து 1917-இல் திரும்பி வர நேர்ந்தது. நான்கு ஆண்டுகளுக்குள் வந்து ஆய்வை முடிக்கலாம் என்று லண்டனில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தார். இதே மும்பையில் சிடனம் கல்லூரியில் 1918 முதல் இரண்டாண்டு பாடம் நடத்திப் பணம் சேர்த்து, கோலாப்பூர் ஷாஹூ மகாராஜின் உதவியும் பெற்று, 1920-இல் மீண்டும் கப்பல் ஏறினார். 1923-இல் பட்டம் வாங்கினார். அவர் அந்த ஆண்டுகளைச் சும்மா தள்ளிப்போடவில்லை; திரும்பிப் போவதற்கு ஒரு கெடுவை வாங்கி வைத்துக்கொண்டு தள்ளிப்போட்டார். அப்பாவுக்கு இந்த வரலாறு பாதி தெரிந்ததுதான். சிடனம் கல்லூரிப் பகுதி தெரியாது. அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, நாமும் தேதி போட்டு எழுதிவிடலாமா என்று கேட்டார்.

அப்படித்தான் ஏப்ரல் கடைசி ஞாயிறு ஒரு தாள் எழுதப்பட்டது. ஏ.பி.எஸ். எப்போது, விண்ணப்பம் எப்போது, கேட் தேர்வு எப்போது, 2026 செப்டம்பர் வரை கல்யாணப் பேச்சு இல்லை என்பது வரை அதில் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு வர இயலவில்லை என்று பெண்ணே மின்னஞ்சல் எழுதினார். எழுதிவிட்டு அழுதார் என்று அம்மா சொன்னார். மே 27 அன்று அமெரிக்கத் தூதரகங்கள் புதிய மாணவர் விசா நேர்காணல்களுக்கு நாள் தருவதைச் சில வாரங்கள் நிறுத்தி வைத்தன. செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டண அறிவிப்பும் வந்தது. அம்மா அதைத் தெய்வச் செயல் என்கிறார். விசா தட்டாமல் கிடைத்திருந்தாலும் 95,000 ரூபாய் 95,000 ரூபாய்தானே என்பது என் எண்ணம்.

இதை எழுதும் 2026 ஜனவரியில் ஏ.பி.எஸ். சான்று வந்துவிட்டது. ஸ்டுட்கார்ட் உட்பட நான்கு இடங்களுக்கு விண்ணப்பங்கள் தயார். பிப்ரவரியில் கேட் தேர்வு. பவாய்க் கதவையும் அவர் சாத்தவில்லை, ஆனால் இப்போது அது அவரே தேர்ந்தெடுத்த மாற்று. அலுவலகத்தில் ஒரு காற்றேற்றத் தொட்டியின் கணக்கைத் தானே போட்டுப் பார்க்க அனுமதி கேட்டு வாங்கியிருக்கிறார். சேமிப்புக் கணக்கில் எட்டே கால் லட்சம் இருக்கிறது. எந்தக் கடிதம் வந்தால் எந்தக் கடனுக்குக் கையெழுத்து, எதற்கு இல்லை என்று எழுதிய அந்தத் தாள், பட்டறையில் தோல் வெட்டும் பலகைக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி, அதுவரை சேர்ந்த தொகையை அப்பா அதன் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைக்கிறார்.